காலர் முடிவதற்குள்

வலது கையில் இஸ்திரிப்பெட்டி, இடது கையில் ஒரு துண்டுச்சீட்டு. காலரின் ஒரு நுனியில் பெட்டியை வைத்ததுமே அக்கா வாசிக்கத் தொடங்குகிறார்: "வரைபடத்துல ஒரு ஊரைத் தொட்டா, அங்க எடுத்த படமெல்லாம் வந்து நிக்கும்." பெட்டி அடுத்த நுனிக்குப் போய்ச் சேருமுன் விஷயம் முடிந்துவிட்டது. சீட்டு ஜன்னல் விளிம்புக்குப் போகிறது. அடுத்த சீட்டுக்குக் காலர் முடிந்து, தோள் முடிந்து, கைப்பகுதிக்கும் வந்தாயிற்று. இன்னும் விளக்கிக்கொண்டே இருக்கிறார். உதட்டைப் பிதுக்கி அதைத் துணிக்கூடைக்குள் போடுகிறார்.

கைபேசியில் குவிகிற புகைப்படங்களை ஒழுங்காக அடுக்கி வைக்கும் இலவசச் செயலி அது. முதலாளி கிடையாது. எங்கெங்கோ இருக்கிற முப்பது பேர் சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் அதன் நிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். நான்கு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும், ஒவ்வொன்றிலும் நூறு, நூற்றைம்பது மாற்றங்கள், மாற்றத்துக்கு ஒரு சீட்டு. யாருக்கு ஐயா அத்தனையையும் படிக்கப் பொறுமை? முகப்பில் போட ஐந்தே ஐந்தைப் பொறுக்கித் தருவது அக்காவின் பொறுப்பு. குழுவில் அவர் பெயரே 'அஞ்சு வரி அக்கா'தான். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அந்த ஐந்தையும் தமிழில் எழுதுவது என் வேலை என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலை இந்த வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு.

"காலர் முடியறதுக்குள்ள சொல்ல முடியலன்னா அது வாசல்ல நிக்கற விஷயம் இல்ல. உள்ள போய் உக்காரட்டும்." இதுதான் அவருடைய சட்டம். ஏழு வாரம் தூக்கம் கெட்டு எழுதினேன் என்று ஒருவர் அழாத குறையாகக் கெஞ்சியபோதும் மசியவில்லை. நீ பட்ட பாடு இருக்கட்டும், படம் பார்க்கிறவனுக்கு என்ன கிடைக்கும் என்று திருப்பிக் கேட்டுவிட்டார்.

இத்தனைக்கும் பிழைப்புக்கு அவர் பார்ப்பது நேர் எதிரான வேலை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளை அச்சடிக்கும் இடத்தில் பிழை திருத்துபவர். எச்சரிக்கை வரி கொஞ்சம் சிறுத்திருந்தாலும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர்தான் கோட்டை விட்டார்.

ஆறு வருடம் ஆகிறது. 'ஒரே படம் இரண்டு இருந்தால் ஒன்றைத் தானாக நீக்கும்' என்ற வரி பாதிக் காலரிலேயே முடிந்துபோனது. அதற்குத்தான் முதலிடம். கூடவே இன்னொரு சீட்டு இருந்தது. அடுத்தடுத்து எடுத்த, கிட்டத்தட்ட ஒரே மாதிரியான படங்களையும் செயலி ஒன்றென்றே எடுத்துக்கொள்ளும், வேண்டாதவர்கள் அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்திவைக்க வேண்டும் என்று. அதைச் சொல்லி முடிக்க ஒரு முழுச் சட்டை ஆயிற்று. அதனால் கூடைக்குப் போய், உள்ளே இருக்கும் நீளப் பட்டியலில் எழுபத்து மூன்றாவது வரியாக வெளிவந்தது. அதையும் நான்தான் தமிழில் எழுதினேன். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை, வெட்கக்கேடு.

அக்காவின் தம்பி அப்போதெல்லாம் புதிய பதிப்பை முதல் ஆளாக ஏற்றிக்கொள்வார். அந்த வாரம்தான் அவருடைய மகள் முதன்முதலாக நடந்திருந்தாள். விடாமல் அழுத்திப் பதினொரு படம் எடுத்திருந்தார். செயலி ஒன்றை வைத்துக்கொண்டு பத்தை அழித்துவிட்டது. மிஞ்சிய படத்தில் குழந்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நாற்காலியை விட்டது, இரண்டடி வைத்தது, அம்மாவின் மடியில் வந்து விழுந்தது, எதுவும் இல்லை. அடுத்த வாரமே குழு, கிட்டத்தட்ட ஒரே மாதிரியானதை அழிக்கும் அந்த வசதியை மட்டும் எடுத்துவிட்டது. போன படம் போனதுதான்.

தம்பி சண்டைக்கு வரவில்லை. "விடுக்கா, நீயா அழிச்ச?" என்றாராம். செயலியை மட்டும் கைபேசியிலிருந்து எடுத்துவிட்டார். தம்பி மனைவி அந்த ஒற்றைப் படத்துக்குச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார். அங்கே போனால் அக்கா அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். "நல்லா நாலு வார்த்தை திட்டியிருந்தா ஆறிப்போயிருக்கும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அழித்த படத்தைத் திரும்ப எடுக்க ஒரு வழி செய்யுங்கள் என்று ஆறு வருடமாகக் குழுவை நச்சரித்தார். சம்பளமில்லாத இடத்தில் யாரை அதட்ட முடியும்?

இன்று அந்தச் சீட்டு வந்துவிட்டது. முகம் தெரியாத யாரோ எழுதியிருக்கிறார். இனிச் செயலி கேட்காமல் எதையும் அழிக்காது. அழித்த படமும் ஒரு மாதம் தனியே பத்திரமாக இருக்கும். மனம் மாறினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அக்கா வாசிக்க வாசிக்கக் காலர் முடிந்தது, இரண்டு கைகளும் முடிந்தன, முதுகும் முடிந்தது. சீட்டை ஜன்னல் விளிம்பில், எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். குழுத்தலைவர் தொலைபேசியில் வந்து, வரைபடம்தான் கூட்டத்தை இழுக்கும், இதைப் போட்டால் யார் கொண்டாடுவார்கள் என்று வாதாடினார்.

"கொண்டாட வேணாம், தெரிஞ்சா போதும். இது மேல வரலன்னா நான் இதுல இல்ல" என்று சொல்லி அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார்.

மதியத்துக்குச் சற்று முன்னால் ஏணி இரவல் வாங்கத் தம்பி வந்தார். அக்கா இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு, அந்த முதல் வரியை அவசரமே இல்லாமல் முழுதாக வாசித்துக் காட்டினார்.

"இனிமே கேக்காம எதையும் அழிக்காதுடா. போனைக் குடு, நானே போட்டுத் தர்றேன்" என்று கையை நீட்டினார்.

தம்பி கடைசிவரை கேட்டார். "நல்லா இருக்குக்கா. அப்புறம் பாத்துக்கலாம்" என்று, கையிலிருந்த கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அக்கா நீட்டிய கை திரும்பவில்லை. அது தம்பியின் சட்டைப் பையின் மூடியை இழுத்துவிட்டு, பொத்தானையும் போட்டுவிட்டது.