சாரோன் ரோஜாவும் எனக்குச் சொல்லாத நோயும்

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுப்போனது. ஐந்தும் என்னிடம்தான் பால் குடித்தன. எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். இந்த நோய் வந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர். ஓசூர் நர்சரியிலிருந்து மகள் ஒரு செடி வாங்கிவந்தாள். செம்பருத்தி வகைதான், ஆனால் ஊதாப் பூ. சாரோன் ரோஜா என்றாள். வேதத்தில் வரும் பேராயிற்றே என்று துவைக்கிற கல்லோரம் நட்டேன். அதற்குத் தண்ணீர் எடுத்துப் போகும்போது குடம் இடித்துத்தான் இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. அவரைக்கொட்டை அளவு. வலியில்லை.

தருமபுரியில் பயாப்சி (ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முடிவைச் சொல்ல டாக்டர் மூத்த மகனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் பெஞ்சில் இருந்தேன்.

"வெறும் நீர்க்கட்டிதாம்மா. எடுத்துட்டா சரியாப் போயிரும்" என்றான் வெளியே வந்தவன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மயக்கம் தெளிந்து பார்த்தால் இடப்பக்கம் தட்டையாக இருந்தது. கட்டி பெரிசு, அதனால் மார்பையும் எடுத்தார்கள் என்றார்கள். பிறகு நரம்பில் ஏற்றியதைச் சத்து மருந்து என்றார்கள். முடி கொட்டியது. உடம்புச் சூடு என்றாள் மருமகள். பிள்ளைகளை நம்பாமல் யாரை நம்புவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் தெரிந்தது. நான் வரமாட்டேன் என்று நினைத்து, மருமகள் என் பேரில் வேண்டுதல் கொடுத்திருக்கிறாள். புற்றுநோயால் வாடும் ஞானம்மாள் குணமடைய என்று பங்குச் சாமியார் வாசித்தார். கோயிலே "கேட்டருளும்" என்றது. நானும் பழக்கத்தில் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது நான் என்று உறைத்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. எல்லோருக்கும் முன்பே தெரியும்.

வீட்டுக்கு வந்து மகனைக் கேட்டேன்.

"நீ பயந்துருவேன்னுதாம்மா சொல்லல."

"அஞ்சு பேரை வளத்தவ எதுக்குடா பயந்தேன்? என் மாருடா அது. ஊருக்குச் சொன்னதை எனக்குச் சொல்லக்கூடாதா?"

அவன் அழுதான். நான் அழவில்லை.

அடுத்த முறை அவனைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நானே உள்ளே போனேன். "இன்னும் இருக்குதுங்களா, போயிருச்சுங்களா? மறைக்காம சொல்லுங்க" என்றேன். இப்போது இல்லை, திரும்பலாம், வந்து காட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று டாக்டர் படம் போட்டுச் சொன்னார். அன்றுதான் தூங்கினேன். நீங்களும் நீங்களே கேளுங்கள்.

மார்கழியில் செடி இலையெல்லாம் உதிர்த்தது. காய்ந்துவிட்டது, பிடுங்கலாம் என்றாள் மருமகள். நகத்தால் பட்டையைக் கீறினேன், உள்ளே பச்சை. தையில் கவாத்து செய்தேன். அதற்குப் புதுக்கிளையில்தான் பூ வரும். செடியைக் கேட்டு யாரும் வெட்டுவதில்லை. நான் செடியில்லையே.

சித்திரையில் பூத்தது. காலையில் விரியும் பூ சாயங்காலம் சுருண்டு விழுகிறது. எனக்கு இடது கை வீங்குகிறது (அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்ததால் நீர் கோத்துக்கொள்ளும்). குடம் தூக்கக்கூடாது. வலக்கையால் சொம்பு சொம்பாக ஊற்றுகிறேன். ஒரு குடத்தில் முடிந்த வேலைக்கு இப்போது காலைப்பொழுதே போகிறது. போகட்டும். மகன் எதைச் சொன்னாலும் அவன் கண்ணைத்தான் முதலில் பார்க்கிறேன்.

எழுதி முடித்து, மூத்தவன் மகளான என் பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன். அவள் அப்பனும் பக்கத்தில் இருக்கிறான்.

"கண்ணு, முதல்ல இருந்து படி. அந்த நோய் பேரையும் முழுங்காம, சத்தமா."