எருமைக்கு அளவெடுத்த கொத்தனார்

எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பதுங்குகுழி கட்டுபவன் கிர்தாரி லால். முன்பெல்லாம் சண்டை வரும் என்றால் ராணுவ லாரி முதலில் வரும். மாடுகளோடு ஏறிப்போய் மாதக்கணக்கில் முகாமில் கிடப்போம். இப்போது எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் புகுந்து சுட்டால், சில நாளிலேயே, எங்களுக்குச் சொல்லாமலே, நம் விமானம் அங்கே குண்டு போடப் பறந்துவிடுகிறது. அவர்களுடைய பதில் குண்டு எங்கள் கூரையில் விழுகிறது. லாரிக்கு நேரமில்லை. அதனால்தான் வீட்டுக்கொரு குழி.

என் வீட்டுக் குழிக்குக் கிர்தாரி விட்ட வாசலில் என் சினை எருமை நுழையாது.

“அகலமா வை” என்றேன்.

“பெரியம்மா, இது மனுஷங்களுக்கான அரசாங்கத் திட்டம்.”

“அப்ப நானும் தொழுவத்துலயே அவளோட இருந்துக்கறேன்.”

“குண்டு விழுந்தா?”

“விழட்டும். நான் நகர மாட்டேன்.”

கிர்தாரி தலையில் அடித்துக்கொண்டான். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து எருமையின் வயிற்றை அளந்தான்.

“கொத்தனாரே, கல்யாணப் பொண்ணுக்குக் குர்தா தைக்கிறீரா?” என்று தெருவே சிரித்தது.

வாசலை அகலமாக்கி, குண்டுச் சிதறல் உள்ளே பாயாமல் முன்னால் தடுப்புச் சுவரும் எழுப்பினான்.

வைகாசியில் நாலு நாள் குண்டு விழுந்தது. தொழுவம் போயிற்று. மூன்றாம் நாள் காலை குழிக்குள் எருமை கன்று ஈன்றது.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் கிர்தாரி முதலில் கேட்பது, “எருமை இருக்கா?”