சலோமியின் நாக்கில் வெண்ணெய் வாடை

காஞ்சிபுரத்துக்கு வெளியே உள்ள பீர் ஆலையில் ருசி பார்ப்பதுதான் சலோமிக்கு வேலை. ஜெர்மன் பாணிக் கறுப்பு பீர் வந்தால், பட்டுப்புடவையை வெயிலில் பிடித்துப் பார்க்கிற ஊர்ப் பழக்கத்தில் கிளாஸை ஜன்னல் பக்கம் தூக்குவாள். கறுப்புக்குள் அரக்குச் சிவப்பு தெரியும். வெள்ளிக்கிழமை வந்ததில் நிறமும் வறுத்த மணமும் சரியாகவே இருந்தன. ஆனால் அடிநாக்கில் வெண்ணெய் வாடை, இந்த பீரில் இருக்கவே கூடாதது.

"லாரி நிக்குதும்மா, சரின்னு சொல்லு" என்று மேலாளர் பிடுங்க, சொல்லித் தொலைத்தாள். அதோடு தூக்கம் போயிற்று. எதைத் தின்றாலும் அந்த வாடை.

ஞாயிறு ஆராதனையில் போதகர் கொடுத்த திராட்சரசக் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வாயில் உருட்டிக்கொண்டே நின்றாள்.

"முழுங்கும்மா, பின்னால ஆளுங்க நின்னுக்கினு இருக்காங்க" என்றார் போதகர்.

ஆமென் சொல்ல வேண்டிய வாய், "இது சரியா இருக்குது ஐயா, லாரியில போனதுதான் சரியில்ல" என்றது.