என் மாடியில் விழுந்த கர்ணப் புறா

போன மாதம் ஒரு மாலை. மாடியில் காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் 'தொப்' என்று ஒரு சத்தம். பக்கத்துத் தென்னையிலிருந்து மட்டைதான் விழுந்திருக்கும் என்று திரும்பினால்... புறா. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு இறக்கை மடங்கிக் கிடந்தது. அந்த நிலைமையிலும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

யாருடையது என்று விசாரிக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் புறா என்றாலே பக்கத்து வீட்டு சங்கர்தான். நல்லம்பள்ளி பஸ் ஸ்டாப் பக்கம் கோழிக்கடை வைத்திருக்கிறார். கடையை மூடி, குளித்துவிட்டு, மாலையில் கர்ணப் புறாக்களைப் பறக்கவிடுவார்.

கர்ணப் புறா பார்த்திருக்கிறீர்களா? நன்றாகத்தான் பறந்துகொண்டிருக்கும். திடீரென்று பின்பக்கமாகக் கர்ணம் அடித்து, உருண்டு உருண்டு கீழே வரும். நமக்கு மூச்சு நின்றுவிடும். அதற்குள் சமாளித்து மேலே போய்விடும். சமாளிக்க முடியாத ஒன்றுதான் எங்கள் மாடிக்கு வந்திருந்தது.

சுவரோரமாக நின்று கூப்பிட்டேன். சங்கர் வந்தார், பார்த்தார். தொடவில்லை.

"உங்க மாடில வுழுந்துடுச்சிங்க்கா. இனிமே இது உங்க புறா. வெச்சிக்கறதா, முடிச்சிடறதான்னு நீங்கதான் சொல்லணும்."

"என்ன சங்கர் இது? உங்க புறா, வூட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க."

"வுழுந்ததைத் திரும்பக் கூண்டுல சேக்க மாட்டோங்க்கா. சேத்தா மத்ததும் வுழக் கத்துக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினமும் கோழி அறுக்கிற கை, ஒரு புறாவைத் தொடத் தயங்குகிறதே என்று கேட்டும் விட்டேன்.

"கோழி வேறங்க்கா. இதுக்குப் பேரு வெச்சிருந்தேன்."

"என்ன பேரு?"

"அத இனிமே சொல்லக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

'முடிச்சிடுங்க' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் நானும் என் வீட்டுக்காரரும் தர்மபுரிக்குப் போய்க் கால்நடை டாக்டரிடம் காட்டினோம். கட்டுப் போட்டார். "இறக்கை கூடிடும்மா. மறுபடியும் பறக்கும்" என்றார். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், "பறந்தா மறுபடியும் விழும். சிலதுக்குக் கர்ணத்தை நிறுத்த வராது. யோசிச்சுக்குங்க" என்றார்.

அதாவது, இறக்கை முறிந்திருப்பதால்தான் அது உயிரோடு இருக்கிறது. இதற்கு வைத்தியம் பார்ப்பதா, வேண்டாமா? "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் டைம் இருக்கே" என்றார் என் வீட்டுக்காரர். எதையும் தள்ளிப்போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கோழிகளை மூடி வைக்கிற மூங்கில் கூடை ஒன்றை வாங்கி, மாடியில் வெயில் படுகிற இடத்தில் புறாவை உள்ளே விட்டேன். மாலையில் சங்கரின் கூட்டம் மேலே சுற்றும். கூடைக்குள்ளிருந்து இது தலையைச் சாய்த்து அவற்றையே பார்க்கும். பாவம், சொந்தக்காரர்களைப் பார்த்தாவது ஆறுதல் அடையட்டும் என்று நினைத்தேன்.

அந்த வாரத்திலேயே இன்னொன்று விழுந்தது. அதே தண்ணீர்த் தொட்டிப் பக்கம். உயிர் இல்லை. சில நாள் கழித்து மூன்றாவது... இது கூடையை ஒட்டியே விழுந்து கழுத்து ஒடிந்து கிடந்தது. உள்ளே இருந்தது அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டையும் என் வீட்டுக்காரர் பின்பக்கம் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தார். எனக்கு அதற்கப்புறம் தனியாக மாடி ஏறவே பயமாக இருந்தது. சங்கர் சண்டைக்கு வந்திருந்தாலாவது பரவாயில்லை. "சொன்னேனுங்களேக்கா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மாலை துணி எடுக்க என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். சங்கர் தன் மொட்டைமாடியில் புறாக்களை இறக்கிக்கொண்டிருந்தார். எப்படி இறக்குவார் தெரியுமா? ஒரு வெள்ளைப் புறாவைக் கையில் உயர்த்திப் பிடிப்பார். அது இறக்கை அடிக்கும். அதைப் பார்த்ததும் மேலே இருக்கிற கூட்டம் தாழ இறங்கி வரும். வருஷக்கணக்கில் பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

என் மாடியிலும் ஒரு புறா உட்கார்ந்திருக்கிறது! அதைப் பார்த்துத்தான் அவை தாழ வந்திருக்கின்றன. தாழ வந்து கர்ணம் அடித்தால் சமாளிக்க இடம் ஏது? மற்றவை விழக் கற்றுக்கொள்ளவில்லை. நான்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டு விழ வைத்திருக்கிறேன். பரிதாபப்பட்டு வெயிலில் வைத்தேனே, அந்தப் பரிதாபம்தான் இரண்டு உயிரை வாங்கிவிட்டது.

உடனே கூடையைக் கீழே கொண்டுவந்து மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். சங்கரிடமும் சொன்னேன். "இருக்கலாங்க்கா" என்றார். முகத்தில் நம்பிய மாதிரி தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை.

அப்பாடா என்று இருந்தேன். ஒரு மாலை சமையல் செய்துகொண்டிருந்தபோது படிக்கு அடியில் 'தட்... தட்...' என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், கட்டுப் போட்ட இறக்கையோடு புறா பின்பக்கமாகப் புரண்டு புரண்டு விழுந்துகொண்டிருந்தது. வாசலுக்கு ஓடி மேலே பார்த்தேன். சங்கரின் கூட்டம் கர்ணம் அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். படிக்கு அடியில் ஜன்னல் கிடையாது. "இறக்கைச் சத்தம் கேட்டிருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். குக்கர் விசிலையும், டி.வி.யையும், தொப்பூர் பக்கம் போகிற லாரிகளின் ஹாரனையும் தாண்டியா?

போன வாரம் கட்டுப் பிரித்தார்கள். இனித் தள்ளிப்போட முடியாது. பறக்க விட்டால் சாகும். பறக்க உதவும் இறகுகளை வெட்டிவிட்டால் வாழும். வலிக்காது, வளர வளர வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். நானே கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்டி முடிக்கிற வரை அது என் முகத்தையே பார்த்தது. அது மேலே பார்க்காமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். நல்லதுதானே செய்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது அது வீட்டுக்குள் நடமாடுகிறது. அரிசி கொத்துகிறது. சாயங்காலம் ஆனால் தரையில் கர்ணம் அடிக்கிறது. பழகிவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன், முந்தாநாள் வரை.

முந்தாநாள் சங்கர் ஒரு துக்கத்துக்காகக் காலையிலேயே மொரப்பூர் போய்விட்டார். கூண்டு பூட்டியிருந்தது. உள்ளே எல்லாப் புறாவும் வரிசையாக உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். வானத்தில் ஒரு காக்கா கூட இல்லை.

சாயங்காலம் ஆனதும் எங்கள் வீட்டுப் புறா நடந்து போய்ப் பின்வாசலில் நின்றது. அந்த இரண்டையும் புதைத்த கறிவேப்பிலை மரத்துக்கு மேலே எதையோ தலை சாய்த்துப் பார்த்தது. கர்ணம் அடித்தது. எழுந்தது. மறுபடியும் பார்த்தது. மறுபடியும் அடித்தது.

எதற்கும் ஒரு காரணம் கையில் வைத்திருக்கிற என் வீட்டுக்காரர் எழுந்து போய், புறாவை உள்ளே தள்ளிவிட்டுப் பின்கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் புறாவுக்கு என்ன பேர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். வைக்கவில்லை. கூப்பிட்டால் இது மட்டும்தான் வரும் என்று என்ன நிச்சயம்?