ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி

நம்பாவிட்டால் போங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், மதியம் 1.40-க்கு.

நான் ஆஸ்பத்திரி லேபில் சதை வெட்டுபவன். மெழுகில் பதித்த சதைத்துண்டை வெங்காயத் தோலைவிட மெல்லிசாக வெட்டி ஸ்லைடில் ஒட்டுவேன். அதைச் சாயத்தில் முக்கினால்தான் உள்ளே இருப்பது தெரியும். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. சாயமே வேண்டாம், படம் எடுத்து அதுவே நிறம் போட்டுவிடுகிறது.

என் மனைவி அதே லேபில் டாக்டர். ஸ்லைடைப் பார்த்து நோயைச் சொல்பவள். என்னை 'அவசரக்குடுக்கை' என்பாள். சந்தேகம் வந்தால் ஸ்லைடு ஓரத்தில் பச்சைப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பாள். "ஏங்க, இன்னும் கொஞ்சம் உள்ள வெட்டிக் குடுங்க" என்று அர்த்தம்.

அவள் போய் எட்டு மாதமாகிறது. புற்றுநோய். இரண்டு வருடம் முன்பு செய்த முதல் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. நான் பயப்படுவேன் என்று அப்போது என்னிடம் சொல்லவில்லை. ஸ்லைடில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடையது என்று தெரியாமல் நானே வெட்டியிருக்கிறேன். அவள் போன பிறகுதான் அவளுடைய பழைய ரிப்போர்ட்டில் அந்த எண்ணைப் பார்த்தேன். அன்றே கோட்டை விட்டோமா? அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

அன்று எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவளுடைய ஸ்லைடு ஒன்று சாயம் போடாமல் மீந்திருந்தது. நிறம் போடும் அந்தப் புதுக் கருவியில் வைத்தேன்.

கிர்ர்ர்...

நீலமும் ரோஸுமாகப் படம் வந்தது. நோய் இல்லை. ஓரத்தில் மட்டும் ஒரு பச்சைப் புள்ளி.

ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். வெறும் கண்ணாடி. துடைத்து மறுபடி வைத்தேன். 1.46. இரண்டு புள்ளிகள்.

"என்னம்மா... என்ன சொல்ற?"

கருவியை அணைத்தேன்.

கிர்ர்ர்...

மூன்று.

அவளுடைய மெழுகுக் கட்டியைத் தேடி எடுத்தேன். அழுதுகொண்டே உள்ளே வெட்டினேன். சாயத்தில் முக்கினேன்.

இருந்தது.

மறுநாள் மென்பொருள்காரரைக் கேட்டேன். "பச்சையா? அதுக்கு நீலமும் ரோஸும்தான் சார் போடத் தெரியும்" என்றார்.

பழைய பதிவேட்டைப் புரட்டினேன். அந்த எண்ணுக்கு நேரே அவள் கையெழுத்தில் 'இன்னும் ஆழமாக' என்று இருந்தது. பக்கத்தில் 'வெட்டிக் கொடுத்தாயிற்று.' அது என் கையெழுத்து.

எந்த மெழுகுக் கட்டியை வெட்டினாலும் சாயம் போடாமல் இரண்டு ஸ்லைடு மீத்து வைப்போம். அவளுடையதில் ஒன்றுதான் இருந்தது. அன்று நான் புதிதாக வெட்டவே இல்லை. மீந்ததில் ஒன்றை எடுத்து நீட்டியிருக்கிறேன்.

அதைப் பார்த்துவிட்டு, என்னை நம்பி, 'நோய் இல்லை' என்று அவளே எழுதியிருக்கிறாள்.