தகரம் அடித்த சிலேட்டு

ராயபுரத்தில் நானும் அண்ணனும் பட்டறை வைத்து, பள்ளிக்கூட சிலேட்டுகளுக்கு மரச்சட்டம் அடித்துக்கொண்டிருந்தோம். மூலைகள் சீக்கிரம் பிளந்துவிடுவதால் நான்கிலும் தகரம் மடித்து அடித்தான் அண்ணன். அதில் அவனுக்கு ஏகப் பெருமை.

ஒருநாள் கல்மண்டபத்துப் பள்ளி டீச்சர் அந்தச் சிலேட்டுகளில் ஒன்றோடு வந்தார். தகரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

“பசங்க சண்டைல இத்தாலதான் அடிச்சிக்கினு கீறாங்க. ஒருத்தனுக்குப் புருவம் கிழிஞ்சி தொங்கிச்சு. தகரத்த எட்த்துடு நைனா.”

அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பிள்ளைகளை அடக்குறது உங்க பாடு. சிலேட்டு எங்க பாடு.”

டீச்சர் சிலேட்டை ஓங்கி அவன் முன்னாலிருந்த மேஜையில் அடித்தார். தெறித்த சில்லு அவன் கன்னத்தைக் கிழித்தது. அவன் பாய்ந்து அவரைப் பிடித்துத் தள்ளினான். தகரத் துண்டுகள் மேல் விழுந்த அவர் உள்ளங்கையிலிருந்து ரத்தம் கொட்டியது. நான் அண்ணனின் முகத்தில் குத்தினேன். அவன் திருப்பி அடித்ததில் என் பல் உடைந்தது.

டீச்சர் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு எங்கள் நடுவில் வந்து நின்றார்.

“என் கிளாஸ்ல டெய்லி இதான் நடக்குது” என்றார் மூச்சிரைக்க.

“வேற எப்படிச் செய்யணும்னு சொல்லுங்க” என்றேன்.

“மூலைய உருட்டி இழைச்சிடு. பிளந்தா பிளக்கட்டும்.”

அப்படியே செய்தேன். அண்ணன் கோபித்துக்கொண்டு பெரம்பூர் ரயில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பிறகு எதைப் புதிதாகச் செய்தாலும் முதலில் ஒன்றை மட்டும் டீச்சரிடம் கொண்டுபோவேன். அவர் அதை வகுப்பிலேயே பெரிய முரடனிடம் கொடுத்துவிட்டு, என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கச் சொல்வார்.