பெட்டியில் எட்டாயிரம் குறைந்த வாரம்

இன்று காலை நாற்பது ரூபாய்க்காகச் சுகந்தி என்னிடம் திட்டு வாங்கினாள். காந்திபுரத்தில் ஒரு மாடி அறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்க்கிறோம். இப்போதைய சாஃப்ட்வேர் பேங்க் ஸ்டேட்மெண்டைத் தானே இழுத்து, எந்த வரவு எந்த பில்லுக்கு என்று தானே ஜோடி சேர்த்துவிடும். மேசை டிராயரில் கிடக்கிற சில்லறைச் செலவுப் பணத்தை மட்டும் இன்னும் மனிதர்கள்தான் எண்ண வேண்டும். அப்படி ஒரு கம்பெனியில் எண்ணியபோது நாற்பது ரூபாய் உதைத்தது.

"நாப்பது ரூவாதானுங்க மேடம். ரவுண்ட் ஆஃப்ல தள்ளிப்போட்டுறலாங்க" என்றாள்.

"தேடு" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

என் குரலே அப்படித்தான். கோபம் பாதி, பல்லடம் பாதி. பி.காம். முடித்த கையோடு பல்லடத்தில் ஒரு விசைத்தறி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆபீஸ் என்பது தறிக் கொட்டகையின் ஒரு மூலையைத் தடுத்துக் கட்டிய அறை. சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்து நாலு தறி ஓடும். இந்தப் பக்கம் நான் கத்திப் பேசுவேன். தறி நின்றுபோன பிறகும் என் தொண்டைக்கு அது தெரியவில்லை. கஞ்சி போட்ட பாவு நூலின் புளித்த வாசனை சேலையில் ஏறி, விடுதி வரைக்கும் கூடவே வரும்.

வால்பாறையில் எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் தேயிலைக் காட்டில் வேலை. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையில் முதல் வாரமே செலவையெல்லாம் வரவுப் பக்கம் போட்டு, முதலாளியை ஒரே நாளில் பெரிய பணக்காரராக்கினேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்களே அம்மணி, இத்தன பணத்த எங்கீங்க வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தார்.

நல்ல மனிதர். ஒரே ஒரு பிடிவாதம்: வெள்ளிக்கிழமை பணம் வெளியே போகக் கூடாது. வரலாம், போகக் கூடாது. டீக்காரருக்குச் சனிக்கிழமை இரண்டு நாள் காசு. வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குப் பூ கொண்டுவருகிற அம்மாவுக்கும் சனிக்கிழமைதான். சாஃப்ட்வேரில் நாள்வாரிக் கணக்கைத் திறந்தால், வெள்ளிக்கிழமைகளில் செலவுப் பக்கம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். எனக்கும் அது பழகிப்போனது. வெள்ளி வந்தால் சற்று நேரம் நகம் வெட்டிக்கொள்வேன்.

பணப்பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று முதலாளியிடம், ஒன்று என்னிடம். சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா முடிந்ததும் பெட்டியை எண்ணி, கம்ப்யூட்டரில் இருக்கிற தொகையோடு ஒத்துப் பார்ப்பேன். எட்டு மாதம் ஒரு ரூபாய் பிசகவில்லை. ஒன்பதாவது மாதம் ஒரு சனிக்கிழமை எட்டாயிரம் குறைந்தது. என் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

நான்கு முறை எண்ணினேன். நான்கு முறையும் நான்கு தொகை வந்தது. ஐந்தாவது முறை நிதானமாக எண்ணினேன். எட்டாயிரம் இல்லைதான்.

முதலாளியைக் கேட்டேன். "செலவுக்கு நான் ஒண்ணும் எடுக்கலீங்களே" என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய மச்சினர், வெளி வசூல் பார்க்கிறவர், மெல்லச் சொன்னார்: "ரெண்டே சாவிதானுங்க. மாமா பணத்த மாமாவே எடுத்துப்போட்டு இல்லைம்பாருங்களா? புதங்கெழமைக்குள்ள கட்டிப்போடுங்க. இல்லாட்டி வேற எடம் பாத்துக்கங்க." மரியாதையில் ஒரு குறையும் இல்லை. திருடி என்பதற்கும் 'ங்க' போட முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ராத்திரி விடுதி போனில் அப்பாவிடம் அழுதேன். "மாசாமாசம் சம்பளத்துல கழிச்சுக்கச் சொல்லும்மா. வேலை போச்சுன்னா மறுபடி கெடைக்குமா?" என்றார்.

"நான் எடுக்கலப்பா. கட்டுனா எடுத்தேன்னு ஆயிரும். கட்ட மாட்டேன்."

நான் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வேலை போனாலும் பரவாயில்லை, அது எங்கே போனது என்று தெரியாமல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

ஞாயிறும் போய் உட்கார்ந்தேன். பேங்க்கில் எடுத்த ஒவ்வொரு தொகையையும் பாஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தேன். அந்த வாரத்து வவுச்சர்களை ஒவ்வொன்றாகத் திரையோடு சரிபார்த்தேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், சனி எல்லாம் சரி. மேசையை நகர்த்திப் பார்த்ததில் ஒரு சீப்பும் ஐந்து ரூபாய் நாணயமும் கிடைத்தன. அந்த ஐந்தையும் வரவு வைத்தேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீப்பை மட்டும் எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியவில்லை.

புதன்கிழமை காலை வந்தது. காகிதத்தில் தேட இனி ஒன்றும் இல்லை. ஆட்களிடம் தேடலாம் என்று வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். ஒவ்வொரு தறியாக நின்று, "போன வாரம் சம்பளம் போக பணம் ஏதாச்சும் வாங்குனீங்களா?" என்று காதருகில் கத்தினேன். பதினேழாவது தறியில் பொன்னுச்சாமி அண்ணன் அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்ல வாங்கலீங்க. மொதலாளி கையில வாங்குனனுங்க. ஊட்டுல பிரசவத்துக்கு ஆப்பரேசன்னுட்டாங்க."

"எவ்வளவு? என்னைக்கு?"

"எட்டாயிரமுங்க. வெள்ளிக்கெழம."

பதிவேட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். ஆபீஸ் வாசலில் என் கால் நின்றுவிட்டது. உள்ளே அப்பா நின்றுகொண்டிருந்தார். முதல் பஸ்ஸில் மலையிறங்கி வந்திருக்கிறார். யார் யாரிடமோ கடன் வாங்கிய நோட்டுகளை மச்சினர் எண்ணிக்கொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் அப்பா உட்காரவில்லை.

"உங்கப்பா கட்டிப்போட்டாருங்க. இதோட உட்டுறலாங்க" என்றார் மச்சினர்.

விட்டிருக்கலாம். வேலைக்கும் ஆபத்து வந்திருக்காது. நான் நேரே முதலாளி மேசைக்குப் போனேன்.

"வெள்ளிக்கெழம பொன்னுச்சாமியண்ணனுக்கு எட்டாயிரம் குடுத்தீங்களாங்க?"

"வெள்ளிக்கெழம நான் எங்கீங்க அம்மணி குடுத்தேன்? எதுத்தாப்புல மருந்துக்கடைக்காரர்கிட்ட கைமாத்து வாங்கியில்ல குடுத்தேன்."

"அதை எப்பத் திருப்பிக் குடுத்தீங்க?"

"சனிக்கெழம வெடியால பெட்டியத் தொறந்து..." என்றவர் அப்படியே நின்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது செலவே இல்லை, கைமாற்றைத் திருப்பியதுதான். வெள்ளிக்கிழமை தன் காசு வெளியே போகாமல் காப்பாற்றிய நிம்மதியில், சனிக்கிழமை போனது அவர் நினைவில் நிற்கவில்லை. நானும்தான் எல்லா நாளையும் துருவிவிட்டு வெள்ளிக்கிழமையைத் தொடாமல் விட்டிருந்தேன்.

முதலாளி எழுந்து அப்பாவின் எதிரே போய் நின்றார். "தப்பு என்னோடதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். மச்சினர் நோட்டுக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

"எடுத்து அப்பாட்ட குடுங்க அம்மணி" என்றார் முதலாளி.

"சும்மா குடுக்க மாட்டேனுங்க. கணக்குல வந்து கணக்குல போகட்டும்."

பொன்னுச்சாமி அண்ணன் பேரில் முன்பணம் எட்டாயிரம் என்று வவுச்சர் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கினேன். பிறகு அப்பா பணத்தை வரவு வைக்க உட்கார்ந்தேன். புதுப் பெயருக்கு எந்தத் தலைப்பு என்று சாஃப்ட்வேர் கேட்டது. அப்பாவைக் கடன் கொடுத்தவர்கள் தலைப்பின் கீழ் போட்டேன். எட்டாயிரம் வரவு, கையோடு திருப்பிக் கொடுத்ததில் எட்டாயிரம் பற்று. அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று தன் பெயரைத் திரையில் பார்த்தார்.

பஸ் ஸ்டாண்டில் கேட்டேன்: "நான்தான் எடுத்திருப்பேன்னு நெனச்சியாப்பா?"

"இல்லம்மா. நீ சொன்னா நம்ப மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு மூன்று வருடம் அங்கே இருந்தேன். வெள்ளிக்கிழமைக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிவைக்க முதலாளியைப் பழக்கினேன். பின்னால் தறிகளை எடைக்குப் போட்டார்கள். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார் ஷோரூம். அந்தக் கம்ப்யூட்டர் எந்தக் காயலான் கடைக்குப் போனதோ, பேக்கப் எடுத்த சிடிகளும் அதோடு போயிருக்கும். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருடைய கணக்கை எழுதி மூடியிருக்கிறேன். அப்பாவுக்கென்று நான் எழுதியது அந்த இரண்டு வரிதான். அவருக்குத் தர வேண்டியது ஒன்றும் இல்லை, பாக்கி பூஜ்யம் என்று அன்றைக்குத் திரை காட்டியது. நான் போட்ட கணக்குகளில் நான் ஒத்துக்கொள்ளாத தொகை அது ஒன்றுதான்.